கம்பியில்லா இணையம்: பழுதறியச் சில சொற்கள்

கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த ஊர் பேத்தமங்களா. பாலாற்றின் நீரைத் தேக்கி, சுத்திகரித்து, இயந்திரத்தால் இறைத்து, இரும்புக் குழாய்களின் வழியே சுரங்கக் குடியிருப்புகளுக்கு அனுப்பும் பணி இங்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலேயே நடைபெற்று வந்தது. 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்ட செய்தியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குடிநீர்க் குழாயைப் பற்றி அவ்வளவாக எவரும் எழுதுவதில்லை. எனினும், பாறைக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்த மனிதர்களின் குடும்பங்கள் மேலே வாழ முடிந்ததற்கு அந்தக் குழாயும் ஒரு காரணமாகும்.

குழாயில் நீர் வராத நாளில் இவ்வட்டாரத்துப் பெண்கள் கேட்கும் முதற் கேள்வி, "நம் வீட்டில் மட்டுமா, தெருவிலுமா?" என்பதே. வீட்டில் மட்டும் என்றால் பழுது வீட்டுக் குழாயில். தெருவிலும் இல்லையென்றால் பெரிய குழாயில். ஊர் முழுவதும் இல்லையென்றால் இறைக்கும் நிலையத்தில், அல்லது ஏரியிலேயே நீர் இல்லை. இந்த வரிசையை எவரும் பள்ளியில் கற்பிக்கவில்லை. பயன்படுத்திப் பழகியதால் வந்த அறிவு இது. ஆனால், இன்று கிராமத்து வாழ்வில் குடிநீருக்கு அடுத்தபடியாகத் தேவைப்படத் தொடங்கியுள்ள இணைய இணைப்பைப் பொறுத்தவரை இத்தகைய அறிவு இன்னும் பரவவில்லை. எது பழுதானாலும் "சர்வர் டவுன்" என்ற இரண்டு சொற்களில் விளக்கம் முடிந்துவிடுகிறது. இச்சொற்களைக் கேட்டவர் வீடு திரும்புகிறார்; சொன்னவரும் பழுதைத் தேடுவதில்லை.

இக்கட்டுரையாளர் பொருளாதாரம் படித்தவர், பொறியியல் அறியாதவர். சென்ற ஆண்டுகளில் ஒரு நவம்பர் மாதம் விடுப்பில் பேத்தமங்களாவுக்குச் சென்றிருந்தபோது ஏற்பட்ட ஓர் அனுபவமே இச்சொற்களைக் கற்கத் தூண்டியது. என் சித்தப்பா சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் அவருக்கு மிஞ்சியது சிறியதொரு ஓய்வூதியமே. ஆண்டுக்கு ஒருமுறை, தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றினை அவர் அளித்தாக வேண்டும். அளிக்கத் தவறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். இச்சான்றினை மின்னணு முறையில் அளிக்கும் 'ஜீவன் பிரமாண்' ஏற்பாடு 2014 நவம்பரில் தொடங்கப்பட்டது. முதலில் கைரேகை, பிறகு 2021 முதல் முகத்தை அடையாளம் காணும் முறையும் சேர்ந்தது. பாறை துளைக்கும் கருவியைப் பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாது. ஆகவே சித்தப்பாவுக்குச் செல்பேசியில் முகம் காட்டும் முறை ஒன்றே வழி.

அதற்காக அவர் தம் சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து, ஒரு சேவை மையத்தில் மூன்று நாட்கள் காத்திருந்து திரும்பியிருந்தார். பேருந்து வந்து சேர்வதே பதினொன்றரை மணிக்கு. நான்காம் நாள் நானும் உடன் சென்றேன். அந்தக் கட்டடத்துக்குள் செல்பேசி நிறுவனத்தின் இணையம் எட்டவில்லை. மையத்தின் வைஃபையையே நம்ப வேண்டியிருந்தது. செல்பேசித் திரையில் வைஃபையின் கோடுகள் அனைத்தும் நிறைந்திருந்தன. "கோடு எல்லாம் நிறைஞ்சிருக்குப்பா, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது" என்றார் சித்தப்பா. மையத்து இளைஞர் பணிவுடன், "காலையிலே வந்தா ஆயிடும் சார், மத்தியானம் ஆனா சர்வர் டவுன்" என்று கூறினார். அவருடைய கணினியோ அதே அறையில் தடையின்றி இயங்கிக்கொண்டிருந்தது. விடை இந்த மூன்று செய்திகளுக்குள் முழுமையாக அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வைஃபை வேறு, இணையம் வேறு

முதலாவதாகத் தெளிவுபெற வேண்டியது இந்த வேறுபாடு. வைஃபை என்பது நம் கையிலுள்ள கருவிக்கும், அதே கட்டடத்தில் சுவரில் மாட்டப்பட்டுள்ள ரூட்டர் என்னும் பெட்டிக்கும் இடையே நடைபெறும் வானொலித் தொடர்பு மட்டுமே. அதன் எல்லை சில பத்து மீட்டர்கள். ரூட்டருக்கு அப்பால் கண்ணாடி இழையோ, செப்புக் கம்பியோ, மற்றொரு வானொலி இணைப்போ ஊருக்கு வெளியே செல்கிறது. அதன் மறுமுனையில்தான் இணையம் உள்ளது. வைஃபை வீட்டுக் குழாய் என்றால், இணையம் ஏரி. திரையில் தெரியும் கோடுகள் ரூட்டரின் அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. ஏரி வற்றியிருந்தாலும் குழாய் பளபளப்பாகத்தான் இருக்கும்.

இந்த வானொலி அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவெண் பகுதிகளில் அமைந்துள்ளன. முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர். இரண்டாவது அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவரை ஓரளவு ஊடுருவும்; குறுகிய அலை விரைவில் மங்கும், ஆனால் அதிகச் செய்தியைச் சுமக்க இடம் தரும். கோலார் வட்டாரத்துக் கருங்கல் சுவர்களுக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பை எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவார். தடையே இல்லாத வெளியிலும், தூரம் இரு மடங்கானால் அலையின் வலு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி நெருக்கடியானது. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவெண்ணில் இயங்குகிறது. இப்பகுதியைச் சானல்கள் எனச் சிறு பாத்திகளாகப் பிரித்திருக்கிறார்கள். எனினும் அடுத்தடுத்த பாத்திகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. 1, 6, 11 ஆகிய மூன்று மட்டுமே ஒன்றையொன்று தொடாதவை. கடைத்தெருவில் பத்துக் கடைக்காரர்களும் தத்தம் ரூட்டரை 6ஆம் சானலிலேயே வைத்திருந்தால் பத்துப் பேருக்கும் நட்டமே.

பொருளாதார மாணவர் ஒருவருக்கு இங்கே சுவையான செய்தி ஒன்று உண்டு. வானொலி அலைக்கற்றை அரசின் உரிமம் பெற்றே பயன்படுத்தப்பட வேண்டிய அரிய வளம் என்பது பொது விதி. ஆனால் 2005இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் குறைந்த ஆற்றலுள்ள கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியும் பெருமளவில் திறக்கப்பட்டது. ஏலத்தில் பல்லாயிரம் கோடி ரூபாய் ஈட்டித் தரும் வளத்தின் ஒரு துண்டு ஊர்ப் பொது மேய்ச்சல் நிலமாக விடப்பட்டிருக்கிறது. பொது நிலத்தில் எவரும் மேய்க்கலாம், ஆனால் பிறரின் இடையூற்றிலிருந்து பாதுகாப்புக் கோர முடியாது. விலையின்மைக்கு நெருக்கடியே விலை.

முகவரி

செல்பேசி ரூட்டரின் அலையைக் கண்டு கடவுச்சொல்லையும் தந்துவிட்டது எனக் கொள்வோம். இன்னும் அது இணையத்தில் பேச முடியாது. அதற்கு ஒரு முகவரி வேண்டும். இணையத்தின் எல்லாத் தொடர்பும் ஐ.பி. என்னும் நெறிமுறைப்படி நடைபெறுகிறது. நெறிமுறை என்பது இரு தரப்பினரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வழக்கம். தபால் உறையில் பெறுநர் முகவரியை எங்கே எழுதுவது, அனுப்புநர் முகவரியை எங்கே எழுதுவது என்பது போன்றது. இந்நெறிமுறைக்கு அடித்தளமான கருத்தை வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1ஆம் நாள் இதற்கு மாறியது. நம் நாட்டில் கல்வி நிறுவனங்களுக்கான எர்நெட் 1986இல் தொடங்கியது; பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15இல் வந்தது.

பழைய முறையில் முகவரி என்பது 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களின் தொகுதி. 192.168.1.7 என்பது ஓர் எடுத்துக்காட்டு. இவ்வாறு ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே அமைக்க முடியும். உலக மக்கள்தொகைக்கே போதாத இந்த இருப்பின் மையக் களஞ்சியம் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. இதற்கு இரண்டு தீர்வுகள் காணப்பட்டன. ஒன்று, ஐ.பி. ஆறாம் பதிப்பு எனும் மிக நீண்ட முகவரி முறை. இதனைப் பின்பற்றுவதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாகும். மற்றது, உள்முகவரி ஏற்பாடு. 192.168 எனத் தொடங்கும் எண்களை எந்த வீடும் எந்த அலுவலகமும் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியுலகுக்கு ரூட்டரின் முகவரி ஒன்றே தெரியும். உள்ளிருந்து செல்லும் கோரிக்கைகளை ரூட்டர் தன் பெயரில் அனுப்பி, விடை வந்ததும் யாருக்குரியது எனக் குறிப்பேட்டைப் பார்த்து உள்ளே சேர்ப்பிக்கிறது. ஒரே கதவிலக்கம் கொண்ட பெரிய குடியிருப்பில் வாயிற்காவலர் தபால்களைப் பிரித்துக் கொடுப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்த உள்முகவரிகளை ஒவ்வொரு கருவிக்கும் யார் வழங்குவது? ரூட்டரிலேயே உள்ள டி.எச்.சி.பி. என்னும் சிறு நிரல். புதிதாக வரும் கருவி "எனக்கொரு முகவரி தருக" என்று கூவும். ரூட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும். கொடை அன்று, குத்தகை; இத்தனை மணி நேரத்துக்கு என்று காலவரையறை உண்டு. குத்தகை முடியும்வரை, பெற்றவர் ஊரைவிட்டே போய்விட்டாலும், அந்த முகவரி அவர் பெயரிலேயே நிற்கும்.

சித்தப்பாவின் செல்பேசி நின்ற இடம் இதுதான். பேச மட்டும் போதுமான அலை கிடைத்த இடத்தில், வாசலுக்கு வெளியே நின்று, என் அலுவலகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் பணியாற்றும் இளம் அதிகாரி ஒருவரை அழைத்தேன். "முகவரி என்ன காட்டுது பாருங்க சார்" என்றார். முகவரி எதுவும் இல்லை, 'ஐ.பி. முகவரி பெறப்படுகிறது' என்ற வரி மட்டும் திரையில் சுற்றிக்கொண்டிருந்தது. கணினியாக இருந்திருந்தால், கேட்டுக் கேட்டுச் சலித்து, 169.254 எனத் தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொண்டிருக்கும் என்றும் அவர் விளக்கினார். அந்த எண்ணைக் கண்டால், முகவரி கிடைக்கவில்லை என்றே பொருள்.

அடுத்து ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். கையிருப்பு ஐம்பது முகவரிகள். குத்தகை பன்னிரண்டு மணி நேரம். மையம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் உள்ளது. கடவுச்சொல் ஊரறிந்த இரகசியம். எப்போதோ ஒருமுறை இணைந்த செல்பேசிகள், தங்கவயலுக்கும் பங்காருப்பேட்டைக்கும் பேருந்து ஏறக் காத்திருக்கும் பயணிகளின் பைக்குள் இருந்தபடியே தாமாக இணைந்து, ஆளுக்கொரு முகவரியைப் பெற்றுக்கொண்டு சென்றுவிடுகின்றன. பதினொரு மணிக்குள் ஐம்பதும் தீர்ந்துவிடும். இரவில் குத்தகைகள் முடிந்து, காலையில் களஞ்சியம் மீண்டும் நிறையும். காலையிலேயே முகவரி பெற்றுவிட்ட மையத்துக் கணினிக்குத் தொல்லை இல்லை. பதினொன்றரை மணிப் பேருந்தில் வருபவருக்கோ என்றைக்கும் கிடைக்காது.

கையிருப்பை இருநூறாகவும் குத்தகையை ஒரு மணி நேரமாகவும் மாற்ற, மையத்து இளைஞருக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன. செலவு ஏதுமில்லை. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செல்பேசியை நோக்கினார். கண் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். சான்றிதழ் எண் குறுஞ்செய்தியாக வந்தது. மூன்று நாள் பேருந்துக் கட்டணத்தையும், துணைக்கு வந்த பேரன் இழந்த மூன்று நாள் கூலியையும் கணக்கிட்டால், அச்சிறு ஓய்வூதியத்தில் கணிசமான பகுதி அதற்கே போயிருந்தது. வளர்ச்சித் திட்டங்களின் செலவுக் கணக்கில் இத்தொகை எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

பொட்டலமும் பெயர்ப் பதிவேடும்

முகவரி கிடைத்தபின் செய்தி எவ்வாறு செல்கிறது? பழைய தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கிடையே ஒரு முழு வழியும் ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் பிறர் அதைப் பயன்படுத்த இயலாது. இணையத்தில் அப்படி ஒதுக்குவதில்லை. செய்தி சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொட்டலத்தின் அளவு வழக்கமாக 1,500 பைட்டுக்கு மேற்படாது. இரண்டு மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் ஏறக்குறைய 1,400 பொட்டலங்களாகப் பயணம் செய்யும். ஒவ்வொன்றின் மேலும் பெறுநர், அனுப்புநர் முகவரிகள் உண்டு. வழியிலுள்ள ரூட்டர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்து அடுத்த நிலைக்குத் தள்ளிவிடுகின்றன. அவை வெவ்வேறு வழிகளில் செல்லலாம், முன்பின்னாகச் சேரலாம், தொலைந்தும் போகலாம். ஐ.பி. நெறிமுறை சேர்ப்பிக்க முயலும், உறுதி கூறாது. உறுதியை அளிப்பது டி.சி.பி. என்ற துணை நெறிமுறை. அது பொட்டலங்களுக்கு வரிசை எண் இட்டு, கிடைத்ததற்கு ஒப்புதல் கேட்டு, வராதவற்றை மீண்டும் அனுப்புகிறது. பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டையை நினைவிற்கொள்க.

எண்களை மனிதர் நினைவில் வைத்துக்கொள்ள இயலாது என்பதால் பெயர்கள் தேவைப்பட்டன. பெயரைத் தந்தால் எண்ணைத் தரும் உலகளாவிய பதிவேடு டி.என்.எஸ். எனப்படுகிறது, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் இதனை வடிவமைத்தார். இன்று '.இந்தியா' என்றும், இலங்கையில் '.இலங்கை' என்றும், சிங்கப்பூரில் '.சிங்கப்பூர்' என்றும் தமிழ் எழுத்திலேயே முகவரிப் பெயர்கள் முடியலாம். இப்பதிவேடு கிடைக்காதபோது ஒரு விசித்திரமான நிலை தோன்றும். ஏற்கெனவே திறந்திருந்த உரையாடல் சிறிது நேரம் தொடரும், ஆனால் புதிய தளம் எதுவும் திறக்காது. சர்வர் டவுன் என்று சொல்லப்படும் நேரங்களில் சில உண்மையில் இந்தப் பதிவேடு எட்டாத நேரங்களே.

அகலமும் தாமதமும்

இணைப்பின் 'வேகம்' என்று விளம்பரங்களில் கூறப்படுவது உண்மையில் குழாயின் அகலம். ஒரு வினாடியில் எத்தனை பிட் செல்லும் என்ற அளவு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பு வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டையே தரும். இதனை விற்பவர் விளக்குவதில்லை. அகலத்திலிருந்து வேறானது தாமதம்; முதல் துளி வந்து சேர ஆகும் நேரம் அது. தொலைதூரச் சிற்றூர்கள் சில செயற்கைக்கோள் வழியே இணைக்கப்பட்டுள்ளன. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் கோளுக்குக் கேள்வி ஏறி இறங்கி, விடையும் ஏறி இறங்க ஏறக்குறைய அரை வினாடி ஆகும். எவ்வளவு பணம் செலுத்தி அகலத்தைக் கூட்டினாலும் இந்த அரை வினாடி குறையாது. திரைப்படம் பார்ப்பவருக்கு இது பொருட்டன்று. முன்னும் பின்னும் பலமுறை கேள்வி பதில் நடத்தும் அரசுப் படிவத்தை நிரப்புபவருக்குப் பெருந்தொல்லை.

தேனியில் நடந்தது

கம்பியில்லா இணைப்பில் தாமதம் எத்தகைய வேடிக்கைகளைச் செய்யும் என்பதற்கும், அதைச் சரிசெய்தால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கும் தேனி மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை, சுற்றுப்புற ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்களை அமைத்தது. மையத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் நோயாளியைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே நோயாளியிடம் பேசி முடிவு கூறுவார். தொடக்கத்தில் ஐந்து மையங்கள். இவற்றை இணைக்க அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2005ஆம் ஆண்டளவில், கடையில் கிடைக்கும் விலை குறைந்த வைஃபைக் கருவிகளையே தேர்ந்தெடுத்தனர். உயரமான கோபுரங்களில் ஒன்றையொன்று நோக்கும் ஆன்டெனாக்களைப் பொருத்தினால், எல்லாத் திசையிலும் சிதறும் ஆற்றல் ஒரே திசையில் குவிந்து, பல கிலோமீட்டர் செல்லும்.

அலை சென்றது, செய்திதான் சரிவரச் செல்லவில்லை. காரணம் பின்வருமாறு. வைஃபை முறையில் ஒரு பொட்டலத்தை அனுப்பியவர் உடனே ஒப்புதலை எதிர்பார்ப்பார். மைக்ரோவினாடிகளில் அளக்கத்தக்க சிறு நேரத்துக்குள் அது வராவிட்டால், பொட்டலம் தொலைந்தது எனக் கருதி மீண்டும் அனுப்புவார். ஓர் அறைக்குள் இது சரி. ஆனால் ஒளியே ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர்தான் செல்லும். பதினைந்து கிலோமீட்டர் செல்ல 50 மைக்ரோவினாடி, திரும்ப 50. ஒப்புதல் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடியும் அனுப்பி, அது வரும் விடையோடு மோதி, இணைப்பு தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது. மேலும், 'பிறர் பேசுகிறாரா எனக் கேட்டுவிட்டுப் பேசு' என்பது வைஃபையின் விதி. தொலைவில் உள்ளவர் பேசத் தொடங்கியது இங்கே கேட்பதற்குள் இவரும் பேசத் தொடங்கிவிடுவார்.

ஆய்வாளர்கள் கருவியை மாற்றவில்லை, வழக்கத்தை மாற்றினார்கள். இரு முனைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு முறை வைத்துப் பேச வேண்டும். பல பொட்டலங்களுக்கு ஒன்றாகச் சேர்த்து ஒப்புதல் அளித்தால் போதும். ஏரிப் பாசனத்தில் முறை வைத்து நீர் பாய்ச்சும் நம் விவசாயிகளுக்கு இது புதிய தத்துவம் அன்று. இந்த மாற்றத்தை 2007இல் அவர்கள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வுரையோ, என் கருத்தில், இதனினும் பயனுள்ளது. கிராமப்புறக் கம்பியில்லா அமைப்புகளை ஆண்டுக்கணக்கில் நடத்திப் பார்த்தபோது கருவிகளைப் பெரிதும் கெடுத்தது வானொலிச் சிக்கல் அன்று, தரமற்ற மின்சாரம் என்று அதில் கூறினர். திடீரென ஏறும் மின்னழுத்தம் கருவிகளை எரித்தது. அத்துடன், பழுது எந்தப் படியில் உள்ளது என்பதை அங்கேயே இருந்து கண்டறியத்தக்கவர் இல்லாமையும் பெருங்குறையாக இருந்தது.

ஊராட்சி வரை வந்த இழை

நமது நாட்டில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இதுவே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. இதன் தொடக்கக் கட்டங்களில் இழை பெரும்பாலும் மரக்கிளை போல அமைந்தது. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து ஓர் ஊராட்சி, அங்கிருந்து அடுத்தது. சாலை அகலப்படுத்தும் இயந்திரம் ஓரிடத்தில் இழையை வெட்டிவிட்டால் அதற்கப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் இருளில் ஆழும். 2023 ஆகஸ்டில் 1.39 இலட்சம் கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட திருத்திய திட்டம் வளைய அமைப்பை வலியுறுத்துகிறது. வளையத்தில் ஓரிடம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிவர வழியுண்டு. பொட்டலங்களுக்கு எவ்வழியும் ஒரு வழியே ஆதலால், பயனர் அறியாமலேயே இது நடைபெறும்.

ஊராட்சியிலிருந்து வீடுகளுக்கும் கடைகளுக்கும் கொண்டுசெல்ல, 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் பொது வைஃபைத் திட்டம் ஒரு வழி. இதன்படி ஒரு தேநீர்க் கடைக்காரர் உரிமமோ கட்டணமோ இன்றிப் பொது இணைய நிலையம் நடத்தலாம். முற்காலத்துப் பொதுத் தொலைபேசிச் சாவடியின் மறுபிறவி எனலாம். பொதுவிட வைஃபையில் வங்கிப் பணி செய்பவர், உலவியின் முகவரிப் பட்டையில் பூட்டுக் குறி உள்ளதா என்றும், அத்தளத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்றும் பார்த்துக்கொள்வது நன்று. பூட்டு, வழியில் எவரும் படிக்காமல் காக்கும். போலித் தளத்துக்கே சென்றுவிட்டவரைக் காக்காது.

பேத்தமங்களாவின் அந்த மையத்தில் இப்போது கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இணையம் வரவில்லையெனில் வரிசையாகப் பார்க்க வேண்டியவை அதில் உள்ளன: கோடுகள் உண்டா, முகவரி வந்ததா, 169.254 எனத் தொடங்குகிறதா. அருகிலுள்ள கருவியில் வருகிறதா. ரூட்டரில் வெளி இணைப்பின் விளக்கு எரிகிறதா. வேறு தளங்கள் திறக்கின்றனவா. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று விடை வந்தால் மட்டுமே சர்வர் டவுன் என்று எழுத வேண்டும் என இளைஞர் தாமே ஒரு வரி சேர்த்துள்ளார். புகார்ப் பதிவேட்டில் விடைகளையும் நேரத்தையும் குறித்து வருகிறார். கடந்த முறை சென்றிருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலான பதிவுகள் மின்தடை நேரங்களை ஒட்டியே இருந்தன. ரூட்டருக்கென ஒரு சிறு மின்கலமும் மின்னழுத்தச் சீராக்கியும் வேண்டுமென அவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறார்.